தோட்டத்து மாதா

கடலிலிருந்து பார்த்தால் எங்கள் கரை பகலில் ஒன்றுமில்லாத கரைதான். மணல், பனை, மறுபடியும் மணல். ஆனால் கொழும்பிலிருந்து தோணி திரும்பும் விடியற்காலையில், தூத்துக்குடிக்குத் தெற்கே, செம்மண் தேரி பனிக்குள்ளிருந்து மெல்ல எழும்பும். அந்த மேட்டுக்கு வலப்பக்கம், மரங்களுக்கு மேலே, வெள்ளையாக ஒன்று தெரியும். முட்டையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதற்குக் கீழே சுவர் தெரியாது, நிலம் தெரியாது. பனிமேல் தானாக நிற்கும்.

தோணியின் முனையில், முன்னணியத்தில் நிற்கிறவன், "மாதா வந்தாச்சுடே" என்பான். நாங்கள் எல்லோரும் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வோம். சுக்கான் பிடிக்கிறவன் அந்த வெள்ளையைத் தேரியின் உச்சிக்கு நேராக வைத்துத் தோணியைத் திருப்புவான். அப்படித் திருப்பினால் பாரில் தட்டாது. பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் தட்டு. முத்துச் சிப்பி விளைகிற இடமும் அதுதான், தோணி உடைகிற இடமும் அதுதான்.

அந்த வெள்ளைக்குத் தோட்டத்து மாதா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. எனக்கு முன்னால் தோணி விட்டவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். கரையில் இறங்கி அங்கே போனவன் எவனும் இல்லை. கடல்காரனுக்குக் கரையில் வேலை அதிகம். கோவிலுக்குப் போவதென்றால் வாசலிலேயே கோவில் இருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே விடுமுறை விட்டவன். தோணியில் கஞ்சி காய்ச்சுகிறவனாக ஏறி, முப்பது வயது முடியுமுன்னே சொந்தத் தோணி விட்டவன். பழைய துறைமுகத்தில் என்னைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் வெளியூர்க்காரன், இல்லை பொய்க்காரன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உள்ளதைச் சொல்லுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், வாடைக்காற்றில் என் தோணி மாட்டிக்கொண்டது. பாய் கிழிந்து, பாய்மரம் முறிந்து, இரண்டு இரவு எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனோம். விடிந்தபோது மழைத் திரைக்குள் அந்த வெள்ளை தெரிந்தது. நான் அழுகிறவன் இல்லை. அன்றைக்கு அழுதேன். "தாயே, கரை சேர்த்துவிடு. பெண்டாட்டியோடு வந்து உன் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் வழக்கமான காணிக்கை அதுதான். கொட்டிவிட்டு, ஆசீர்வாதமாக அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வருவோம்.

கரை சேர்ந்தோம். இதை என் மனைவியிடம் நான் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பேன். அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போயிருந்தன. மூன்றாவது உண்டானபோது அவள் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்த நேர்ச்சையச் செலுத்தினியளா?"

"கோயில் எங்கன இருக்குன்னு தெரிஞ்சால்லா செலுத்துவேன்."

"நேர்ச்சை தலைமேல இருக்கையில பிள்ளை எப்படித் தங்கும்?"

அதோடு அந்தப் பேச்சு நின்றது. பிள்ளை என்ற சொல்லே வீட்டில் இல்லாமல் போனது. என் தங்கை வந்து பெயர் கியர் என்று வாயெடுத்தால் இவள் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் இவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் அதன்மேல் கை வைக்க மாட்டாள். இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் மாதிரி நடப்பாள்.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, "தோட்டத்து மாதாவா? அப்படியொரு கோயில் நம்ம பக்கம் கிடையாதே" என்றார். எனக்குள்ளே சிரிப்பு. அவ்வளவு படித்த மனிதருக்குத் தெரியாதது இந்த மூன்றாம் வகுப்புக்குத் தெரிந்திருக்கிறதே என்று நெஞ்சு நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். கடலில் எத்தனையோ தடவை திசை பிடித்தவனுக்குக் கரையில் பிடிக்க முடியாதா? தேரிக்கு வடக்கே, பனங்காட்டைத் தாண்டி, ஆற்றுக்கால் பாய்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மில்லர்புரத்திலிருந்து ஒரு வாடகைக் கார் பிடித்து, உப்பும் மிளகும் கட்டின துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் நானும் கிளம்பினோம்.

டிரைவர் சொன்னான், "அங்கன கோயில் ஒண்ணும் கிடையாது மொதலாளி. வெள்ளைக்காரன் பங்களாதான் இருக்கு. பருத்தியும் மருந்து இலையும் போட்டவன் கட்டினது. சனங்க சும்மா பாக்கப் போவாவ."

"பங்களாவுக்குள்ள இருக்கும்லே. தொரமாரு வீட்டுக்குள்ளயே கோயில் கட்டிக்கிடுவாவ."

"அப்படியும் உண்டா?"

"நீ வண்டிய மட்டும் ஓட்டு."

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். செம்மண் தெரிந்தது. பிறகு கரிசல் வந்தது. பிறகு, யாரோ பாய் விரித்த மாதிரி, திடீரென்று நிழல்.

வாசல் தூண் இரண்டின்மேலும் சுண்ணாம்பில் செய்த அன்னாசிப்பழம். அங்கிருந்து வீடு வரைக்கும் இரண்டு பக்கமும் மகிழ மரம். கார் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. காற்று மேலே போகிறது, கீழே ஒரு இலை அசையவில்லை. எனக்கு எந்த இடத்திலும் திசை தெரியும். அங்கே தெரியவில்லை. கடல் எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் நான் வானத்தைக் காட்டியிருப்பேன்.

காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு, தோளில் துண்டு. வீட்டுச் சொந்தக்காரர் மெட்ராஸில் இருக்கிறாராம், வருகிறதில்லையாம்.

"கோயில் எங்கன இருக்கு?" என்று இவள் இறங்கினதும் கேட்டாள்.

"கோயிலா? எங்க ஊர்ல பெருமாள் இருக்காரு. இங்கன ஏது?"

நான் கையால் காட்டினேன். "வெள்ளையா, உருண்டையா, உசரமா..."

"ஓ, அதா! அது தோட்டத்துக் கடைசியில இருக்கு அண்ணாச்சி. மொதல்ல வீடு, பொறவுதான் தோட்டம். மொதலாளி உத்தரவு."

நான் இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். இருக்கிறது பார்த்தாயா என்று. அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் எனக்குத் தோணி ஞாபகம்தான் வந்தது. தரை முழுக்கத் தேக்குப் பலகை. நடந்தால் நடுக்கடலில் கேட்கிற அதே முனகல். மேலே உத்தரங்கள், கவிழ்த்துப் போட்ட தோணியின் விலா மாதிரி. ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. வெயில் அதன் வழியாக வந்து தரையில் கிடந்தது. என் மனைவியின் வெள்ளைச் சேலை நீலமாயிற்று, சிவப்பாயிற்று, மறுபடி வெள்ளையாயிற்று. அவளுக்கே அது தெரியவில்லை.

ஒரு அறையில் ஆளுயரக் கண்ணாடி. ரசம் போய்ப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் கடலடியில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் ஆட்கள் முத்துக்குளிக்க இறங்குகிறபோது அடியில் போய் எப்படி இருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. இப்படித்தான் இருப்பார்கள் போல. வாயைத் திறந்தால் குமிழி வரும் என்று தோன்றியது.

காவல்காரர் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். "இங்கன தொரை உக்காந்து சாப்பிடுவாரு. மேல தொங்குதுல்லா, அந்த விசிறிக் கயிற வெளியில ஒருத்தன் உக்காந்து இழுப்பான். இங்கன தொரைசானி பியானோ வாசிப்பா."

"வெளியில உக்காந்தவனுக்கு யாரு வீசுவா?" என்று கேட்டாள் என் மனைவி. காரை விட்டு இறங்கின பிறகு அவள் கேட்ட இரண்டாவது கேள்வி அதுதான்.

காவல்காரர் சிரித்தார். "அவன் தாத்தாவா வீசுவான் மைனி? அவனுக்கு வேப்பமரந்தான்."

அலங்கார நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்து பார்த்தேன். உட்காரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. கண்ணை மூடினேன். எங்கோ கதவு சாத்துகிற சத்தம், யாரோ மாடியில் நடக்கிற சத்தம். திறந்து பார்த்தால் யாரும் இல்லை, தேக்குப் பலகைதான் வெயிலுக்கு விரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒரு பொழுது இருந்தால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

"போதும், எந்திரிங்க" என்றாள் இவள்.

தோட்டம் வீட்டைவிடப் பெரிது. வற்றிப்போன நீரூற்றுத் தொட்டியில் தவளை. காகிதப்பூக் கொடி ஒரு முழு மாமரத்தையே விழுங்கியிருந்தது. மாங்காயும் காகிதப்பூவும் ஒரே கிளையில் தொங்கின. நாகலிங்க மரத்தடியில் பூக்கள் விழுந்து, மணம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நாங்கள் அதற்குள் இறங்கி நடந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீர் எங்களோடு கொஞ்ச தூரம் வரும், மறையும், வேறொரு பக்கம் பேசும்.

மரங்களுக்குப் பின்னால் வரிசையாக இடிந்த சுவர்கள் இருந்தன. கள்ளி முளைத்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஆள் காலை நீட்ட முடியாத அகலம், ஒன்றிலும் ஜன்னல் இல்லை. பருத்தி எடுத்தவர்களும் இலை பறித்தவர்களும் இருந்த இடம் என்றார் காவல்காரர். அவருடைய ஆட்களும் அங்கே இருந்தவர்களாம். "மணி அடிச்சா எந்திரிக்கணும், மணி அடிச்சா படுக்கணும்" என்றார். அதைச் சொல்கையில் மட்டும் சாவிக்கொத்தை ஆட்டவில்லை. என் மனைவி ஒரு வாசல் முன்னால் நின்று தலையைக் குனிந்து உள்ளே பார்த்தாள். "இதுக்குள்ளயா பெத்தாவ?" என்று கேட்டாள். "வேற எங்கன?" என்றார் அவர். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். நான்தான் கையைப் பிடித்து நகர்த்தினேன்.

அதற்கு அப்பால் மரம் விலகியது. அங்கே நின்றது அது.

கடலில் பார்த்த அதே வெள்ளை. அதே பாதி முட்டை. ஆனால் அடியில் சுவர் இருந்தது. சுவரில் வரிசை வரிசையாகப் பொந்துகள் இருந்தன. பொந்து ஒவ்வொன்றிலும் ஒரு கழுத்து நீண்டு எங்களைப் பார்த்தது.

"புறாக் கூண்டு" என்றார் காவல்காரர். "தொரைசானிக்குப் புறான்னா அவ்வளவு பிரியம். கறிக்கும் ஆகும்லா?"

நான் வாயடைத்து நின்ற இடம் என் வாழ்க்கையில் குறைவு. அது ஒன்று. எத்தனை தலைமுறை தலைத்துண்டை எடுத்திருக்கிறது! எத்தனை பேர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்! நானும் ஒருவன். அத்தனையும் புறா எச்சத்துக்கு.

என் மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முகம் காலியாகிவிட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

எனக்கு மூளை வேகமாக ஓடும். சட்டென்று சொன்னேன், "ஏளா, புறான்னா யாரு? பரிசுத்த ஆவிலா! நம்ம கும்பிட்டது ஒண்ணும் வீணில்ல."

"நீங்க யாருக்கு நேர்ந்திய?"

"மாதாவுக்கு."

"பொறவு இவருக்குச் செலுத்தினா சரியாப் போகுமா? ஒருத்தருக்குச் சொன்னத இன்னொருத்தருக்குக் குடுக்கது என்ன வழக்கம்?"

"சரி, இங்கனயே கல்லுல குகை மாதிரி ஒரு கெபி கட்டிப்புடுதேன். பளிங்குல மாதா. கொழும்புல சொன்னா செஞ்சு தருவான். நான் நெனச்சா ஆகாதா?"

"கட்டி முடிக்குமுன்ன என் மாசம் முடிஞ்சிரும்" என்றாள். அவள் தன் மாதத்தைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். காவல்காரர் அவள் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கூண்டுக்குள் புறாக்களின் சத்தம். அது தொண்டைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும் சத்தம். கேட்கக் கேட்கத் தூக்கம் வருகிறது. அந்தக் கூண்டுக்கு மேலே, மரங்களின் தலைக்கு மேலே, வானம் வெளுத்துக் கிடந்தது. அங்கே ஏறி நின்றால் கடல் தெரியும். கடலில் ஒரு தோணி வந்தால் அதில் நான் நிற்பேன், இங்கே நிற்கும் என்னைப் பார்த்துச் சிலுவை போடுவேன். அப்படியெல்லாம் நினைப்பு ஓடியது.

அவள் கேட்டாள். "அன்னைக்குத் தோணியில நின்னு எதப் பாத்துக் கும்பிட்டிய?"

"இதத்தான்."

"இது புறாக் கூண்டுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"அவளுக்குத் தெரியும்லா?"

"யாருக்கு?"

"மாதாவுக்கு. இவன் கூண்டப் பாத்துக் கூப்பிடுதான், நாம எதுக்குப் போகணும்னு இருந்துட்டாளா? வந்தாள்லா? கரை சேத்தாள்லா?" எழுந்து சேலையைத் தட்டினாள். "எங்கன நின்னு வாங்கினாளோ, அங்கனதான் குடுக்கணும்."

குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. உள்ளே வட்டமாக, குளிர்ந்து, அரையிருட்டாக இருந்தது. பொந்துகள் வழியே வெளிச்சம் சின்னச் சின்னக் காசாக விழுந்து, இறகு அடிக்கும்போதெல்லாம் அணைந்து எரிந்தது. மெழுகுதிரி வேண்டியிருக்கவில்லை. அவள் முழங்காலில் இருந்தாள். பையை அவிழ்த்து உப்பையும் மிளகையும் தரையில் கொட்டினாள். எங்கள் உப்பளத்துக் கல் உப்பு, அந்த இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. சத்தமில்லாமல் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஒரு புறா இறங்கியது. பிறகு ஒன்று. பிறகு கூண்டு முழுக்கவே கவிழ்ந்த மாதிரி எல்லாம் இறங்கின. அவள் மடியை உரசி, கால்மேல் ஏறி, உப்பைக் கொத்தித் தின்றன. அவள் அசையவில்லை. இறகுத் தூசி அந்த வெளிச்சக் காசுகளில் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏத்துக்கிட்டா" என்றாள்.

வாசலில் நின்ற காவல்காரர், "புறாவுக்கு உப்புன்னா உசுரு மைனி. எங்க போட்டாலும் திங்கும்" என்றார். நல்ல மனிதர்தான். சும்மா இருக்கத் தெரியாது.

"அவ சொல்லாம திங்குமா?" என்றாள் இவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

உப்பு தீர்ந்துபோனது. மிளகை ஒரு புறாவும் தொடவில்லை. அவள் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எச்சம் படாததாகப் பார்த்து முந்தானையில் முடிந்தாள். ஒன்றை எடுத்து ஊதி, வாயில் போட்டுக் கடித்தாள். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. எழும்போது பிடிக்க நான் கை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. தன் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் காவல்காரரிடம் நான் கேட்டேன், "இதுக்கு வருசா வருசம் வெள்ளையடிக்கியளா?"

"மொதலாளி சொன்னா அடிப்பேன். ரெண்டு வருசமாச் சொல்லல."

"இனிமே நான் சொல்லுதேன். அடியும்."

தோணிக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். ஆனால் இவள் அடுத்த ஞாயிறே கோவில் வாசலில் எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் வழி கேட்டார்கள்.

அது பிறகு. அன்றைக்கு, கார் மகிழ மர நிழலைவிட்டு வெயிலுக்கு வந்ததும், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஞானத்தாயா யாரப் போடலாம்?"

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை ஏந்துகிறவளைப் பற்றிப் பேசுகிறாள். பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாள்.

"என் தங்கச்சியத்தான் போடணும்" என்றேன். "வேற யாரு?"

"உங்க தங்கச்சியா? போன தடவ அவ ஏந்தின அடுத்த வீட்டுப் பிள்ளை தலையில தண்ணி ஊத்தையில பாதி அவ சேலையில ஊத்திக்கிட்டா. என் அக்காதான்."

"உன் அக்கா ஏந்தினா பிள்ளைக்கும் அவ வாயி வந்துரும்."

"உங்க வாயி வாரதுக்கு அது எவ்வளவோ மேல."

"மொதலாளி," என்றான் டிரைவர், "பேசாம ரெட்டையாப் பெத்துக்கிடுங்க. ஆளுக்கொண்ணு."

"ஏலே, ரோட்டப் பாரு" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஊர் வரும்வரைக்கும் அந்தச் சண்டைதான். பெயருக்குப் போனோம், பெயரிலிருந்து தொட்டிலுக்குப் போனோம், தொட்டிலை எந்த உத்தரத்தில் கட்டுவது என்பதற்குப் போனோம். பழைய துறைமுகத்தில் பேரம் பேசி நான் தோற்றதே இல்லை. அன்றைக்கு ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தேன். வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லி அவள் பரோட்டா கேட்டாள். ஒன்று தின்றாள். பிறகு என் இலையிலிருந்ததையும் இழுத்துக்கொண்டாள்.

கிழக்கேயிருந்து கொண்டல் காற்று தொடங்கின வாரத்தில் பெண் பிறந்தாள். தெருவின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். அவளுடைய பெரியம்மாதான் ஏந்தினாள்.